காதும் காதும் வைத்தாற்போல: தனிச்செய்தி எங்கே கசிகிறது

2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உச்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் சிக்னல் செயலியில் ஒரு குழு வைத்து, ஏமன் மீதான தாக்குதலைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தக் குழுவில் கைதவறிச் சேர்க்கப்பட்டிருந்தவர் தி அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க். செய்தி வெளியே வந்ததற்குச் சிக்னலின் பூட்டு காரணமில்லை. அதை எவரும் உடைக்கவில்லை. உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தனிச்செய்திகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளியேறுகின்றன. பூட்டு நன்றாகவே இருக்கும். சாவி வைத்திருப்பவர் வேறொருவரிடம் காட்டியிருப்பார், அல்லது கதவு திறந்து கிடந்திருக்கும். இணையத்தில் மட்டுமே பழகியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பக்கத்து வீட்டுக்காரர் வாய் ஓயாதவர் என்பது தெருவுக்கே தெரியும். அவரிடம் எதைச் சொல்லலாம் என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எழுதிக் காட்டியது மட்டுமே.

ஆனாலும் வாய் மட்டும் சீக்கிரம் திறந்துகொள்கிறது. உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இதற்கான காரணங்களை எடுத்துச் சொன்னார்: முகம் தெரிவதில்லை, பல நேரம் பெயரும் தெரிவதில்லை, கேட்பவரின் புருவம் உயர்வதைப் பார்க்க வேண்டியதில்லை, பதில் உடனே வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. விளைவு, இரண்டு வாரப் பழக்கத்தில் கூடப்பிறந்தவர்களிடமே சொல்லாததைத் தட்டி அனுப்பிவிடுகிறோம். அந்த நெருக்கம் பொய்யில்லை. ஆனால் நெருக்கம் வேறு, நம்பகம் வேறு. நெருக்கம் ஒரே இரவில் வந்துவிடும். நம்பகம் வர, அவர் எதையாவது காத்துக் காட்டியிருக்க வேண்டும்.

கடைசி வரியில் வரும் நிபந்தனை

வழக்கமாக வரும் ஒரு செய்தியைப் பாருங்கள்:

"அக்கா, போன மாசமே வேலைய விட்டுட்டேன். வீட்டுல இன்னும் சொல்லல. கடன் வேற கழுத்த நெரிக்குது. இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான்கு வரிகள். முதல் மூன்றில் ரகசியம் கைமாறிவிட்டது. நான்காவதில்தான் நிபந்தனை வருகிறது. அதற்குள் அந்த அக்கா படித்து முடித்துவிட்டார். காப்பாற்ற முடியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. சுமையைத் தலையில் ஏற்றிவிட்டுத்தான் சம்மதம் எதிர்பார்க்கப்படுகிறது. கேட்காமல் ஏற்றிய சுமையை மனிதர்கள் கவனமாகச் சுமப்பதில்லை.

இரண்டாவது கோளாறு "யார்கிட்டயும்" என்ற சொல்லில் இருக்கிறது. அனுப்பியவருக்கு அது உலகம் முழுவதும். படித்தவருக்கோ அது 'நம் வட்டத்தில் இருப்பவர்கள்' மட்டும். கணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கெட்ட எண்ணத்தில் வெளியேறும் ரகசியங்களைவிட, கணவனிடமோ மனைவியிடமோ ஒரே ஒரு உயிர்த்தோழியிடமோ இப்படி வெள்ளந்தியாகப் போய்ச் சேருபவைதான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. அவர்களும் ஒருவரை விலக்கு வைத்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டு பேரிடம் மட்டும் சொன்னாலே ஐந்தாவது கையில் 62 பேருக்குத் தெரிந்துவிடும். அத்தனை பேரும் "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றே சொல்லியிருப்பார்கள்.

தொடர்பியல் ஆய்வாளர் சான்ட்ரா பெட்ரோனியோ இந்த இடத்தைத் துல்லியமாகப் பிடித்தார். ஒரு தகவலைக் கேட்டவர் வெறும் கேட்பவராக இருப்பதில்லை, அதற்குக் கூட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறார் என்பது அவர் சொல்லும் அடிப்படை. வேலி எங்கே என்று இரு உரிமையாளர்களும் பேசிக்கொள்ளாதவரை ஆளுக்கொரு வேலியை மனதில் போட்டுக்கொள்வார்கள். பிறகு நடக்கும் சண்டையில் இருவருமே தங்கள் வேலிக்கு உண்மையாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். நிபந்தனை முதலில், சம்மதம் அடுத்து, விஷயம் கடைசியில்:

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். உங்களோட நிக்கணும், மாமாகிட்டகூட வேண்டாம். இப்ப கேக்குற நிலைமைல இல்லன்னா பரவாயில்ல, தப்பா எடுத்துக்கமாட்டேன்."

இந்தச் செய்தியில் விஷயமே இல்லை. மூன்று வேலைகளை மட்டும் இது செய்கிறது: எல்லையை ஆள் பெயரோடு சொல்கிறது, மறுக்க வழி விடுகிறது, பதில் வரும்வரை காத்திருக்கிறது. "சொல்லுங்க தம்பி, என்னோட நிக்கும்" என்று எழுதியவர் இப்போது வாக்குக் கொடுத்தவர். வாய்விட்டு ஒத்துக்கொண்டதை மீறுவதற்கு மனம் அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது.

எல்லையிலும் தரங்கள் உண்டு. லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்று அழைக்கப்படும் ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதி ஒன்று இன்றும் உலகெங்கும் கூட்டங்களில் பயன்படுகிறது: கேட்ட தகவலை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பது வெளியே போகக்கூடாது. தனிச்செய்திக்கு இது முதல் தரம். இரண்டாம் தரத்தில் தகவலும் வெளியே போகாது. மூன்றாவது இன்னும் இறுக்கமானது: நாம் இருவரும் பேசிக்கொள்கிறோம் என்பதே யாருக்கும் தெரியக்கூடாது. எந்தத் தரம் என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். கேட்க மறந்திருந்தால் இரண்டாவது தரம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

முதல் தரம் எளிதாகத் தெரியும், ஆனால் அதில்தான் சறுக்குவார்கள். பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைப்போம். கணினி அறிவியலாளர் லட்டன்யா ஸ்வீனி 2000இல் காட்டிய கணக்கின்படி, பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் தெரிந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை ஏறத்தாழத் தனித்தனியாக அடையாளம் காண முடியும். ஒரு நாட்டுக்கே அந்த நிலை என்றால் நாற்பது பேர் உள்ள வட்டத்தில் "இரட்டைப் பிள்ளைக்காரர், இரவு வேலை" என்பதே முழுப்பெயர்தான். பெயர் சொல்லாமல் சொல்வதாக இருந்தால் விவரங்களையும் உதிர்க்க வேண்டும். உதிர்த்த பிறகு சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்றால் சொல்லாமல் இருக்க வேண்டிய விஷயம் அது.

யாரை நம்பலாம் என்பதற்கு ஒரு சோதனைதான் உருப்படியாகத் தெரிகிறது. அவர் மற்றவர்களின் தனிச்செய்திகளை உங்களிடம் எப்படிக் கொண்டுவருகிறார் என்று பாருங்கள். "உங்ககிட்ட சொல்றதுல தப்பில்ல" என்று இன்னொருவரின் ஸ்கிரீன்ஷாட்டோடு வருபவர், உங்களுடையதையும் அதே முன்னுரையோடு எடுத்துச் செல்வார். அந்த நேரத்தில் அது நம்மை நம்பிச் சொல்வது போல இனிக்கும். அதனால்தான் கவனிக்கத் தவறுகிறோம். ஆளுக்கொரு விதமாகச் சற்றே மாற்றிச் சொல்லி, எந்த வடிவம் வெளியே வருகிறது என்று பார்க்கும் உளவுத்துறை உத்தியைச் சிலர் நண்பர்களிடமும் கையாளுகிறார்கள். தெரிந்துபோனால் அதோடு நட்பு முடிந்தது. கசிந்தாலும் பெரிதாக வலிக்காத சின்ன விஷயங்களில் தொடங்கி, மாதங்கள் போகப் போக ஆழம் கூட்டுவதே நேர்மையான வழி.

பூட்டு எதைப் பூட்டுகிறது

இதையெல்லாம் பேசி முடித்தபின் செயலிக்கு வருவோம். பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: நல்ல செயலி பிடித்தாயிற்று, இனி எதையும் பேசலாம் என்று.

முனைக்கு முனை மறையாக்கம் என்றால் செய்தி அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில்தான் திறக்கிறது; நடுவில் உள்ள நிறுவனத்தின் கையில் சாவி இருக்காது. சிக்னலில் இது தொடக்கத்திலிருந்தே உண்டு. வாட்ஸப்பில் 2016 ஏப்ரலில் எல்லா உரையாடல்களுக்கும் வந்தது. ஃபேஸ்புக் மெசஞ்சரில் இயல்பாகவே இயங்கும்படி 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. டெலிகிராம் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள்: அதன் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் இந்தப் பூட்டு கிடையாது. தனியாகத் தொடங்கும் 'ரகசிய உரையாடல்' ஒன்றுக்குத்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்கு மட்டும்.

உறுப்பினராகச் சேர்ந்த தளங்களுக்குள்ளேயே இருக்கும் இன்பாக்ஸ் இன்னொரு வகை. அங்கே 'தனி' என்றால் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது என்றுதான் பொருள். செய்தி பெரும்பாலும் சேவையகத்தின் தரவுத்தளத்தில் படிக்கக்கூடிய வடிவிலேயே கிடக்கும். அதற்குள் நுழையும் உரிமை உள்ள நிர்வாகி விரும்பினால் படிக்கலாம், நுழைந்துவிட்ட திருடனும் படிக்கலாம். 2020 ஜூலையில் ட்விட்டரின் ஊழியர்களை ஏமாற்றி அதன் உட்கருவிகளுக்குள் புகுந்தவர்கள் 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். அவற்றில் 36 வரையிலான கணக்குகளின் தனிச்செய்திகளும் திறக்கப்பட்டதாக நிறுவனமே தெரிவித்தது. அறிமுகத்துக்கும் நலம் விசாரிக்கவும் இப்படிப்பட்ட இன்பாக்ஸ் போதும். மருத்துவ அறிக்கையை அதில் அனுப்பாதீர்கள்.

பூட்டு உள்ள இடத்திலும், யாரோடு எப்போது பேசினோம் என்ற விவரம் வேறு கணக்கு. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றுக்கு விடையாக ஒரு பயனரைப் பற்றிச் சிக்னல் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். யாரோடு எப்போது பேசினார் என்பதை அது சேமித்து வைப்பதே இல்லை. எல்லாச் சேவைகளும் அப்படியல்ல.

எதிரே இருப்பது அவர்தானா என்பதையும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளலாம். வாட்ஸப்பிலும் சிக்னலிலும் ஒவ்வொரு இருவர் உரையாடலுக்கும் 60 இலக்க எண் ஒன்று உண்டு. அவர் பெயரைத் தொட்டு உள்ளே போனால் தெரியும். இரு கருவிகளிலும் ஒரே எண் என்றால் நடுவில் யாரும் இல்லை. இதை அதே உரையாடலிலேயே அனுப்பிச் சரிபார்ப்பதில் பயனில்லை. குரல் அழைப்பில் படித்துக் காட்ட வேண்டும், நேரில் என்றால் கட்டக் குறியீட்டை (QR) ஸ்கேன் செய்யலாம். எண் மாறிவிட்டது என்று அறிவிப்பு வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அவர் புது ஃபோன் வாங்கியிருப்பார் அல்லது செயலியை மறுபடி நிறுவியிருப்பார். ஆனால் அறிவிப்பு வந்த கையோடு அவசரமாகப் பணமோ, உங்கள் ஃபோனுக்கு வந்த ஆறு இலக்க உறுதிப்படுத்தல் குறியீடோ கேட்டால், பதில் எழுதாமல் வேறு வழியில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒரே செய்தி, எத்தனை நகல்

இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். அது அவருடைய ஃபோனின் பூட்டிய திரையில் முதல் இரண்டு வரிகளோடு ஒளிர்கிறது; மேசைமேல் கிடக்கும் ஃபோனை வீட்டில் யாரும் பார்க்கலாம். அறிவிப்பு வரலாறு இயக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஃபோனில் (11ஆம் பதிப்பு முதல் அந்த வசதி உண்டு) அந்த வரிகள் ஒரு நாள் முழுக்க அங்கேயும் இருக்கும். அவர் வாட்ஸப்பை அலுவலகக் கணினியில் இணைத்திருந்தால் அங்கேயும் ஒன்று. முதன்மை ஃபோனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். படம் என்றால் பல ஃபோன்களில் தானாகவே கேலரியில் விழும், கேலரி மேகச் சேமிப்புக்குப் போகும். பின்னிரவில் பேக்கப் (உரையாடல்களின் காப்பு நகல்) ஓடும்போது இன்னொரு நகல்.

இப்போது காலையில் எழுந்து 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அழுத்துகிறீர்கள். வாட்ஸப் அதற்கு இரண்டு நாளும் 12 மணி நேரமும் அவகாசம் தருகிறது. உரையாடலில் இருந்த வரி போய்விடும். அறிவிப்பு வரலாற்றில் உள்ளதும் பேக்கப்பில் ஏறிவிட்டதும் உங்கள் அழுத்தலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

தானாக மறையும் செய்திக்கும் இதே கதை. 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வாட்ஸப்பில் வைக்கலாம். ஆனால் அவர் உங்கள் வரியை மேற்கோளாக எடுத்துப் பதில் எழுதியிருந்தால் அந்த மேற்கோள் நிற்கக்கூடும்; மறையும் வசதி இல்லாத உரையாடலுக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால் அங்கே நிற்கும். மறைவதற்கு முன் பேக்கப் ஓடியிருந்தால் அதிலும் இருக்கும். மறையும் செய்தி ஒரு துடைப்பம். நாள்பட்ட குப்பையைக் கூட்டும். நம்பாத ஆளிடமிருந்து அது காப்பாற்றாது. இருவரும் ஒத்துப்போய்ப் பேச்சைச் சேர்த்துவைக்காமல் இருக்க நல்ல வசதி. 7 நாள் என்பது பேச்சின் தொடர்ச்சி அறாமல் இருக்கவும் போதுமான காலம்.

பேக்கப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாக மறக்கப்படுவது அதுதான். வாட்ஸப்பின் மேக பேக்கப்புக்கு முனைக்கு முனை மறையாக்கம் 2021 அக்டோபரில் வந்தது. அது கேட்டு வாங்க வேண்டிய வசதி: அமைப்புகளில் உரையாடல், அதற்குள் உரையாடல் பேக்கப் என்று போய் இயக்க வேண்டும். சொந்தக் கடவுச்சொல் வைக்கலாம், அல்லது செயலி தரும் 64 இலக்கச் சாவியை எழுதி வைக்கலாம். வைத்ததைத் தொலைத்தால் பேக்கப் போனது போனதுதான். நீங்கள் இயக்கினால் உங்கள் பக்கத்து நகல்தான் பூட்டப்படும். அவர் இயக்கவில்லை என்றால் அதே உரையாடல் அவர் பக்கம் வேறு பாதுகாப்பில் கிடக்கிறது. ஆகவே இதை இருவரும் சேர்ந்து ஐந்து நிமிடம் ஒதுக்கிச் செய்துவிடுவது நல்லது: பேக்கப் மறையாக்கம், அறிவிப்பில் செய்தி காட்டாதிருத்தல், இணைத்த கருவிகள் பட்டியலில் தெரியாததை வெளியேற்றுதல்.

ஸ்கிரீன்ஷாட்

ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தை வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. இன்னொரு ஃபோனால் திரையைப் படம் எடுப்பதை எந்தச் செயலியும் தடுக்காது. எனவே இங்கே தொழில்நுட்பத்தைவிடப் பழக்கம்தான் முக்கியம்: எடுப்பதற்கு முன் கேட்பது. எதற்காக, யாருக்குக் காட்ட, எந்த வரி மட்டும் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்றே பதில் வரும்.

சம்மதத்தோடு பகிரும்போதும் மறைக்கும் விதத்தில் கோளாறு நடக்கும். ஃபோனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் பெயரைக் கறுப்பாக்குவார்கள். அது பாதி ஒளி ஊடுருவும் மை. நான்கைந்து முறை தீட்டினால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து மேலே வந்துவிடும். கட்டம் கட்டமாகக் கலைப்பதும் நம்பத்தக்கதல்ல, எழுத்துரு தெரிந்தால் மென்பொருளால் ஊகித்துவிடலாம். 2023இல் வெளிவந்த 'ஏக்ரோபாலிப்ஸ்' குறை இன்னும் மோசம்: கூகுளின் பிக்சல் ஃபோன்களின் படத்திருத்தியில் வெட்டியெறிந்த பகுதி கோப்பின் வாலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, பல படங்களில் அதை மீட்டெடுக்கவும் முடிந்தது. குறை சரிசெய்யப்பட்டுவிட்டது, அதற்கு முன் அனுப்பிய படங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. மறைக்க வேண்டுமென்றால் முழுக்க நிரப்பிய கறுப்புப் பெட்டியை மேலே வையுங்கள், பின் அந்தப் படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். படமே வேண்டாம், தேவையான ஒரு வரியைத் தட்டி அனுப்பினால் போதும் என்பது அதைவிட எளிது.

குழு என்றால் கணக்கே வேறு

ஒருவர் ரகசியம் காக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பத்துப் பேரும் காக்கும் வாய்ப்பு அப்போது நூற்றுக்கு 60தான். பத்து ஃபோன், பத்து பேக்கப், பத்துப் பூட்டிய திரை. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் இருப்பவர்களைக் கேட்பது, மாதம் ஒருமுறை உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழே படிப்பது, இந்த இரண்டும் அமெரிக்க அதிகாரிகளைக்கூடக் காப்பாற்றியிருக்கும். 2025 ஏப்ரலில் வாட்ஸப் கொண்டுவந்த கூடுதல் உரையாடல் தனியுரிமை வசதியை இயக்கினால் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்வதும், படங்கள் மற்றவர் ஃபோனில் தானாக இறங்குவதும் நிற்கும். ஸ்கிரீன்ஷாட் நிற்காது.

எங்கே காக்கக்கூடாது, கசிந்தால் என்ன

எதையும் காப்பேன் என்று வாக்குக் கொடுப்பது தவறு. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். உளவியல் ஆலோசகர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாரசாஃப் வழக்கில், நோயாளியால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. நண்பருக்கும் ஒரு வரி போதும்: "உன் உசுருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா மட்டும் நான் வேற ஆளக் கூப்பிடுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." மிரட்டல் வரும் தனிச்செய்திக்கு இந்த வாக்கே பொருந்தாது. வாட்ஸப்பில் ஒருவரைப் புகார் செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். பூட்டு இதைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது.

உங்கள் வாயால் கசிந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். அவர் வேறு வழியில் கேள்விப்படுவதற்கு முன் உங்களிடமிருந்து தெரிய வேண்டும். யாரிடம், எந்த வரி, எப்போது, அவர்கள் வேறு யாரிடமாவது சொன்னார்களா என்று கேட்டாயிற்றா, இந்த நான்கும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். காரணம் அவர் கேட்டால் மட்டும். பலர் மூன்று பத்தி மன்னிப்பு எழுதி, "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று முடிப்பார்கள். அது அடிபட்டவரிடமே மருந்து கேட்பது. "அண்ணே, நீங்க சொன்ன கடன் விஷயத்த நேத்து சாயங்காலம் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். தொகைய சொல்லல. அவர் வேற யார்கிட்டயும் பேசல, கேட்டுட்டேன். தப்பு என் மேலதான்." இவ்வளவு போதும். பதில் அன்றே வராமல் போகலாம்.